விட்ட இடத்திலிருந்து தொடங்குவதா, புதிதாகத் தொடங்குவதா?

1961 மார்ச் மாதம். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த லூவெல்லின் தாம்சன் கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு சோவியத் தலைவர் குருசேவைத் தேடிப் போனார். குருசேவ் தலைநகரில் இல்லை. விவசாய வேலைகளைப் பார்வையிடச் சுற்றுப்பயணம் கிளம்பியிருந்தார். கடைசியில் சைபீரியாவில் இருக்கும் நோவசிபிர்ஸ்க் நகருக்கே விமானம் ஏறிப் போய், மார்ச் 9-ஆம் தேதி கடிதத்தை அவர் கையில் கொடுத்தார் தாம்சன். கென்னடி பதவியேற்று ஒரு மாதம் கழிந்ததும் எழுதிய கடிதம் அது. சீக்கிரமே நாம் இருவரும் நேரில் சந்தித்துப் பேசலாமே என்பதுதான் அதன் சாரம்.

அமெரிக்காவில் புது அதிபர் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. மாஸ்கோவோடு எப்படித் தொடங்குவது? இப்போது பெய்ஜிங்கைப் பற்றியும் இதையே கேட்கிறார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மாஸ்கோதான் தோது. கென்னடி காலம் தொட்டு எடுத்தால் 60 ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் கண்முன் இருக்கிறது. பனிப்போர்க் காலத்து ஆவணங்களில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. யார் என்ன நினைத்து என்ன செய்தார், அது அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் ஐந்து. சீக்கிரம் நேரில் சந்திப்பது. துணிச்சலான புதுத் திட்டத்தோடு போவது. முதலில் பலத்தைக் கூட்டிக்கொண்டு, பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வது. கொஞ்ச காலம் நின்று யோசிப்பது. வெளியே தெரியாத ஒரு பேச்சுவழியைத் திறப்பது. இவற்றோடு ஆறாவதாக ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. முன்னவர் எதிர்த்தரப்போடு பேசிப் பாதியில் விட்டுப்போன வேலையை எடுத்து முடிப்பது. நான் இந்த ஆறாவது வழியின் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன், எதை வைத்து அளக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் ஆண்டில் உள்ளூரில் கிடைத்த கைத்தட்டலை நான் கணக்கில் எடுக்கவில்லை. எதிர்ப்பக்கத் தலைவர் இவரைச் சரியாகப் புரிந்துகொண்டாரா, நெருக்கடி வந்தபோது பேசுவதற்கு ஆள் இருந்ததா, கடைசியில் கையெழுத்தான ஒப்பந்தம் ஏதாவது மிஞ்சியதா என்று பார்க்கிறேன்.

கென்னடியின் வழியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவரைப் பற்றி நூறு அறிக்கை படிப்பதைவிட, அரை நாள் எதிரே உட்கார்ந்தால் அதிகம் தெரியும் என்று நினைப்பது இயல்புதானே. கடிதம் எழுதிய நேரத்தில் சூழ்நிலையும் மோசமாக இல்லை. கென்னடி பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், சோவியத் பிடியில் இருந்த அமெரிக்க ஆர்பி-47 உளவு விமானத்தின் அதிகாரிகள் இருவரை குருசேவ் விடுவித்திருந்தார். நல்லெண்ணச் சைகை அது. ஆனால் கடிதத்துக்கு ஒப்புதல் வந்து சேர்வதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஏப்ரல் 12-ஆம் தேதி சோவியத் வீரர் ககாரின் விண்வெளிக்குப் போய் வந்தார். 17-ஆம் தேதி, சிஐஏ பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூபா நாட்டவர், காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க, கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் போய் இறங்கி, மூன்றே நாளில் தோற்றார்கள். இதற்கெல்லாம் பிறகுதான், மே மாதத்தில், சந்திக்கலாம் என்று குருசேவிடமிருந்து பதில் வந்தது. அழைப்பு அனுப்பிய கென்னடி ஒருவர். வியன்னாவுக்குப் போன கென்னடி இன்னொருவர்.

ஜூன் 3, 4 ஆகிய இரண்டு நாள். 44 வயது கென்னடி, 67 வயது குருசேவ். முதல் நாள் சந்திப்பு அமெரிக்கத் தூதரின் இல்லத்தில். இரண்டு நாடும் தப்புக்கணக்குப் போட்டுப் போரில் போய் விழுந்துவிடக் கூடாது என்று கென்னடி சொல்லப்போக, அந்தத் 'தப்புக்கணக்கு' என்ற சொல்லே குருசேவுக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. எங்களைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்களா என்று பொரிந்து தள்ளினார். முதலாளித்துவம், கம்யூனிசம், வரலாறு எந்தப் பக்கம் போகிறது என்று பேச்சு எங்கெங்கோ போனது. அந்த வாதத்தில் குருசேவ் வாழ்நாள் முழுக்க ஊறியவர். சாப்பாட்டு நேரத்தில் அவர் சட்டையில் தொங்கிய பதக்கத்தைக் காட்டி இது என்ன என்று கென்னடி கேட்டார். லெனின் அமைதிப் பரிசு என்று பதில் வந்தது. அதை நீங்கள் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை என்றார் கென்னடி. இரண்டு நாளில் இறுக்கம் தளர்ந்த சில நொடிகளில் அதுவும் ஒன்று.

இரண்டாம் நாள் சோவியத் தூதரகத்தில், கிழக்கு, மேற்கு என்று பிளந்து கிடந்த பெர்லின் பற்றிப் பேச்சு வந்தது. கிழக்கு ஜெர்மனியோடு தனியாக ஒப்பந்தம் போடப்போகிறேன், அதன்பிறகு மேற்கு பெர்லினில் உங்கள் உரிமை செல்லாது என்று குருசேவ் கெடு வைத்தார். கென்னடி கூடுதலாக ஒரு தனிச் சந்திப்பு கேட்டு வாங்கினார். அதிலும் ஒன்றும் நகரவில்லை. இந்தக் குளிர்காலம் கடுமையாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்றே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனிடம், தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு மோசமான அனுபவம் இல்லை என்கிற பொருளில் மனம்விட்டுப் பேசினார்.

ஆகஸ்ட் 13-ஆம் தேதி பெர்லினில் முள்வேலி போட்டார்கள். அதுதான் பிறகு சுவரானது. அடுத்த ஆண்டு அக்டோபரில், கியூபாவில் சோவியத் ரகசியமாக ஏவுகணைகளை நிறுத்தியதால் வந்த கியூபா ஏவுகணை நெருக்கடி. வியன்னாவால்தான் கியூபா வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகள், காஸ்ட்ரோ ஆட்சியைக் காப்பாற்றும் எண்ணம், அணு ஆயுத எண்ணிக்கையில் சோவியத்துக்கு இருந்த பின்னடைவு என்று குருசேவின் கணக்கில் வேறு பலவும் இருந்தன. ஆனால் இந்த இளைஞரை அழுத்தினால் அசைவார் என்ற எண்ணத்தை வியன்னா விதைத்தது. அதை மறுக்க முடியாது.

என்னை உறுத்துவது வேறொன்று. கென்னடி பதவிக்கு வந்தபோது ஜெனீவாவில் ஒரு பேச்சு பாதியில் கிடந்தது. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துவதற்காக அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் மூன்றும் 1958 அக்டோபர் 31 முதல் பேசிவந்தன. அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் மூன்று நாடும் சோதனை செய்யாமல் இருந்தன. ஒப்பந்தத்தின் பல பிரிவுகளில் உடன்பாடு வந்திருந்தது. பூமிக்கடியில் ரகசியமாக வெடித்தால் நேரில் போய்ச் சோதிக்க ஆண்டுக்கு எத்தனை முறை அனுமதி என்பது பெரிய முட்டுக்கட்டையாக நின்றது. சோவியத் மூன்று என்றது. அமெரிக்கா இருபதில் ஆரம்பித்துப் படிப்படியாக, 1963 வாக்கில், ஏழுக்கு இறங்கி வந்தது. கிட்டத்தட்ட விலைபேசும் நிலைக்கு வந்துவிட்ட விஷயம். வியன்னாவிலும் இது பேசப்பட்டது. ஆனால் பெர்லின், சித்தாந்தம், யார் பெரியவர் என்ற இரைச்சலில் அடிபட்டுப் போனது. செப்டம்பரில் சோவியத் மறுபடி சோதனையைத் தொடங்கி, அக்டோபர் 30-ஆம் தேதி சுமார் 50 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்தது. அதைவிடப் பெரிய குண்டை இன்றுவரை யாரும் வெடித்ததில்லை.

கென்னடியே பிறகு திரும்பி வந்ததும் இந்தப் பாதி வேலைக்குத்தான். கியூபாவில் உலகம் விளிம்பு வரை போய்த் திரும்பிய பிறகு, 1963 ஜூன் 10-ஆம் தேதி வாஷிங்டன் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை ஆற்றினார். சோவியத் மக்கள் போரில் பட்ட இழப்பை மரியாதையோடு நினைவுகூர்ந்தார். சோவியத் பத்திரிகைகள் அந்த உரையை முழுதாகவே வெளியிட்டன. ஜூலையில் கென்னடியின் தூதுவராக ஆவரெல் ஹாரிமன் மாஸ்கோ போனார். ஏழா மூன்றா என்ற சண்டையை ஓரமாக வைத்துவிட்டு, பூமிக்கடியில் நடப்பதை மட்டும் விட்டு, காற்றிலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் சோதனை கூடாது என்று பத்தே நாளில் முடித்தார்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி கையெழுத்து. செனட்டில் 80-க்கு 19. இந்த வடிவம் 1963-இல் திடீரென்று உதித்ததும் இல்லை. கென்னடிக்கு முன்னிருந்த ஐசனோவர் 1959-இலேயே இதைப் போன்ற ஒன்றை முன்வைத்திருந்தார். முதல் ஆண்டில் தூக்கிப் பார்க்காத கோப்பை மூன்றாம் ஆண்டில், அதுவும் அப்படி ஒரு பயத்துக்குப் பிறகு, தூசி தட்டி எடுத்தார்கள்.

அடுத்து, பெரிய புதுத் திட்டத்தோடு போவது. இதற்கு 1977-இல் ஜிம்மி கார்ட்டர் செய்ததைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அவர் எண்ணத்தில் களங்கம் இல்லை. அணு ஆயுதங்களைச் சும்மா எண்ணி வரம்பு போடுவது போதாது, நிஜமாகவே குறைக்க வேண்டும் என்று நினைத்தார். நல்ல நினைப்புதான். ஆனால் 1974 நவம்பரில் விளாடிவஸ்தோக்கில், கார்ட்டருக்கு முன்னிருந்த ஃபோர்டும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் ஆளுக்கு 2,400 தொலைதூர ஏவுகணைகளும் குண்டுவீச்சு விமானங்களும் என்று ஒரு வரம்புக்கு வந்திருந்தார்கள். அதற்காக பிரெஷ்னேவ் தன் ராணுவத் தலைமையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கார்ட்டர் அதை ஓரங்கட்டிவிட்டு, 1,800 முதல் 2,000 வரை என்று புதிய எண்ணோடு தன் வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸை மார்ச் கடைசியில் மாஸ்கோவுக்கு அனுப்பினார். அமைச்சர் போய்ச் சேரும் முன்பே திட்டம் பத்திரிகைகளில் வந்துவிட்டது. இதற்கிடையில் பிப்ரவரியில், சோவியத் அரசை எதிர்த்துவந்த விஞ்ஞானி சகாரோவுக்கு கார்ட்டர் எழுதிய கடிதமும் வெளியே வந்திருந்தது.

பிரெஷ்னேவ் இருந்த இடத்திலிருந்து பாருங்கள். சொந்த வீட்டில் சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்த ஒரு பேரத்தை, புதிதாக வந்தவர் செல்லாது என்கிறார். அதையும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்து சொல்கிறார். மாஸ்கோ மாற்றுத் திட்டம்கூடத் தராமல் வான்ஸைத் திருப்பி அனுப்பியது. வெளியுறவு அமைச்சர் குரோமிகோ பத்திரிகையாளர்களைக் கூட்டி, அமெரிக்கத் திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். அப்புறம் இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்து, 1979 ஜூன் 18-ஆம் தேதி வியன்னாவில், அணு ஆயுதங்களுக்கு வரம்பு போடும் இரண்டாம் சால்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. எண்? முதலில் 2,400, பிறகு 2,250. சுற்றிச் சுற்றி விளாடிவஸ்தோக்குக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும், ஒப்பந்தத்தை செனட் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கார்ட்டரே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. 1977-இலேயே விளாடிவஸ்தோக் எண்ணில் முடித்திருந்தால் ஆழமான குறைப்பை அடுத்த சுற்றில் கேட்டிருக்கலாம். வான்ஸ் கையில் அப்படி ஒரு மாற்று ஏற்பாடும் இருந்தது. முக்கியத் திட்டம் கிளப்பிய கோபத்தில் அதற்கும் மரியாதை கிடைக்காமல் போனது.

சரி, மூன்றாவது வழிக்கு வருவோம். முதலில் பலம், அப்புறம் பேச்சு. இதைச் சொல்பவர்கள் எல்லோரும் ரீகனைக் காட்டுவார்கள். ஆயுதச் செலவைக் கூட்டினார், கடுமையாகப் பேசினார், கடைசியில் 1987 டிசம்பர் 8-ஆம் தேதி நடுத்தர தூர ஏவுகணைகளை அடியோடு ஒழிக்கும் ஒப்பந்தம் போட்டார். இரு தரப்பிலும் சேர்த்து 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. பெரிய சாதனை. ஆனால் 1981 பதவியேற்புக்கும் அதற்கும் நடுவில் ஏறக்குறைய ஏழு ஆண்டு இருக்கிறது. அந்த ஏழில் 1983-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 1-ஆம் தேதி கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கைக் கருவி காட்டியபோது, ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி அதைக் கருவிக் கோளாறு என்று நிதானித்தார். நவம்பரில் நேட்டோ நடத்திய ஒரு போர்ப் பயிற்சியை நிஜத் தாக்குதலுக்கான முன்னேற்பாடோ என்று மாஸ்கோவில் சிலர் அஞ்சினார்கள். பலம் கூடியது, பேசும் வழி அடைந்து கிடந்தது. அந்த இடைவெளியில் உலகம் பிழைத்ததற்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் காரணம் என்றுதான் சொல்வேன்.

ரீகனைப் பற்றி அவ்வளவாகச் சொல்லப்படாத ஒன்றும் இருக்கிறது. 1978 ஜூனில் சைபீரியாவைச் சேர்ந்த ஏழு பேர், பெந்தெகொஸ்தே சபைக் கிறிஸ்தவர்கள், நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டு மாஸ்கோ அமெரிக்கத் தூதரகத்துக்குள் காவலர்களைத் தாண்டி ஓடிப் புகுந்தார்கள். வெளியே போனால் கைது. உள்ளே தங்க இடம் இல்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் அறையில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தார்கள். கார்ட்டர் காலத்தில் தீராமல் ரீகன் மேசைக்கு வந்த விவகாரம் இது. 1983 பிப்ரவரி 15-ஆம் தேதி மாலை, புதிய வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், சோவியத் தூதர் டோப்ரினினைச் சத்தமில்லாமல் வெள்ளை மாளிகைக்கு அழைத்து வந்தார். பதவியேற்று இரண்டு ஆண்டு கழித்து, ஒரு சோவியத் தூதரோடு ரீகன் உட்கார்ந்து பேசிய முதல் நீண்ட உரையாடல் அது. பேச்சுவாக்கில் அந்த சைபீரியக் குடும்பங்களைப் பற்றிக் கேட்டார். அவர்களை விட்டுவிடுங்கள், நான் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன் என்றார்.

அந்தக் கோடையிலேயே அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ரீகன் வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆகஸ்டில் நீண்டகாலத் தானிய விற்பனை ஒப்பந்தம் ஒன்றும் கையெழுத்தானது. 'தீமையின் பேரரசு' என்று ரீகன் பேசியதும் இதே 1983 மார்ச்சில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், மேடைப் பேச்சு ஒரு பக்கம் ஓட, சின்ன வேலை ஒன்றை முடிக்க முடிந்திருக்கிறது என்பது விளங்கும். ஷுல்ட்ஸ் இதைப் பெரிதாக மதித்தார். சொல் காக்கப்படும் என்பதை இரு தரப்பும் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்த இடம் அது. ஆனால் அந்தச் சிறு விதை முளைக்கும் முன் செப்டம்பர் வந்துவிட்டது. அந்த மாலைச் சந்திப்பு 1981-இலேயே நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஏனென்றால் ரீகன் மனதில் அந்த எண்ணம் அப்போதே இருந்தது. துப்பாக்கிச் சூட்டில் காயப்பட்டுத் தேறிவரும்போது, 1981 ஏப்ரலில், பிரெஷ்னேவுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அதோடு அரசின் கறாரான தட்டச்சுக் கடிதமும் சேர்ந்தே போனது. பதில் குளிர்ச்சியாக வந்தது. அதோடு சரி.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் சால்ட் ஒப்பந்தம் மோசமானது என்று தேர்தலில் பேசிய ரீகன், பதவிக்கு வந்தபின் 1986 வரை அதன் வரம்புகளைப் பெரும்பாலும் மதித்தே நடந்தார். செனட் ஏற்காத ஒப்பந்தம், முன்னவர் போட்டது, தானே திட்டியது. ஆனாலும் அதைக் கிழித்துப் போடவில்லை.

நின்று யோசிக்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1989-இல் மூத்த புஷ், ரீகன் சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் அளவுக்கு மீறி மயங்கிவிட்டார் என்று சந்தேகப்பட்டார். பாதுகாப்பு ஆலோசகர் ஸ்கோகிராஃப்டும் அப்படியே. எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லி சில மாதம் நிறுத்திவைத்தார்கள். அதிகாரிகள் எழுதித் தந்த அறிக்கையில் புதிதாக ஒன்றும் இல்லை. ஐரோப்பாவிலிருந்தும் உள்நாட்டில் இருந்தும் 5,00,000 படையினரைக் குறைப்பதாக ஐ.நா.வில் அறிவித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்த கோர்பச்சேவ் கவலைப்பட்டார். டிசம்பரில்தான் மால்டாவில், புயலடிக்கும் கடலில், இருவரும் சந்தித்தார்கள். இந்தத் தாமதத்தால் பெரிய சேதம் நேரவில்லை. எதிரே இருந்தவர் கோர்பச்சேவ், அதனால் பிழைத்தது. ஆனால் நவம்பர் 9-ஆம் தேதி பெர்லின் சுவர் திறந்த இரவில் புஷ் கொண்டாட மறுத்தார். அது அவருடைய பெருந்தன்மை. பின்னால் பல கதவுகள் திறக்க அது உதவியது.

ரகசிய வழிக்கு நிக்சன். 1969 பிப்ரவரி 17-ஆம் தேதி டோப்ரினினைச் சந்தித்து, இனி முக்கியமான விஷயங்களைத் தன் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சரோடு நேராகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். நெருக்கடியில் பேச ஆள் உண்டா என்ற என் இரண்டாவது அளவுகோலில் இந்த வழிதான் முதலிடம். ஆனால் இரண்டு குறை. சொந்த அதிகாரிகளுக்கே தெரியாமல் பேரம் நடந்தது. ஆயுதக் குறைப்புப் பேச்சின் அமெரிக்கக் குழுத் தலைவர் ஜெரார்ட் ஸ்மித்துக்கே 1971-இல் முடிவான விஷயம் பிறகுதான் தெரியவந்தது. அடுத்த குறை இன்னும் கனமானது. நிக்சனுக்கு முன்னிருந்த ஜான்சன் 1968 ஆகஸ்டில் அறிவிக்கவிருந்த ஆயுதப் பேச்சு, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்ததால் நின்றுபோயிருந்தது. நிக்சன் அதை உடனே எடுக்கவில்லை. வியட்நாமில் உதவினால் இது, மத்திய கிழக்கில் இறங்கி வந்தால் அது என்று ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார். பேச்சு 1969 நவம்பர் 17-ஆம் தேதிதான் ஹெல்சின்கியில் தொடங்கியது. இதற்கிடையே ஒரே ஏவுகணையில் பல அணுகுண்டுகளை ஏற்றும் நுட்பத்தில் அமெரிக்கச் சோதனைகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1970-இல் அவை களத்துக்கே வந்துவிட்டன. 1972 மே 26-ஆம் தேதி மாஸ்கோவில் கையெழுத்தான முதல் சால்ட் ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இல்லை. அதன் விளைவுகளை இன்னும் ஆழமாக யோசித்திருக்கலாம் என்று கிசிஞ்சரே 1974-இல் ஒப்புக்கொண்டார்.

ஆறாவது வழியை நல்ல வெளிச்சத்தில் காட்டுபவர் ஒபாமா என்பது என் கணிப்பு. ஆனால் ஊருக்கு நினைவிருப்பது ஒரு பொத்தான்தான். 2009 மார்ச் 6-ஆம் தேதி ஜெனீவாவில் ஹிலாரி கிளிண்டன், ரஷ்ய அமைச்சர் லாவ்ரோவிடம் சிவப்புப் பொத்தான் ஒன்றைக் கொடுத்தார். உறவை மறுபடி தொடங்குவோம் என்று அதில் எழுத நினைத்து, மொழிபெயர்ப்புப் பிழையால் 'அதிகச் சுமை' என்று பொருள்தரும் ரஷ்யச் சொல்லை எழுதிவிட்டார்கள். அந்தப் படம்தான் உலகமெங்கும் போனது. உண்மையான வேலை வேறு இடத்தில் நடந்தது. மூத்த புஷ்ஷும் கோர்பச்சேவும் 1991-இல் போட்ட, அணு ஆயுதங்களைக் குறைக்கும் ஸ்டார்ட் ஒப்பந்தம் 2009 டிசம்பர் 5-ஆம் தேதியோடு முடிய இருந்தது. முடிந்தால், ஒருவர் ஏவுகணைத் தளத்தை இன்னொருவர் போய்ப் பார்க்கும் உரிமையும் போய்விடும். இரு தரப்புக்கும் அது தேவை, இரு தரப்புக்கும் அது பழகிய வேலை. 2010 ஏப்ரல் 8-ஆம் தேதி பிராகில் ஒபாமாவும் ரஷ்ய அதிபர் மெத்வதேவும் அதன் இடத்தில் வந்த நியூ ஸ்டார்ட்டில் கையெழுத்திட்டார்கள். ஆளுக்கு 1,550 அணுகுண்டு வரம்பு, ஆண்டுக்கு 18 முறை வரை நேரடி ஆய்வு. செனட்டில் 71-க்கு 26. பொத்தானோடு சேர்ந்த நட்பு, புதின் திரும்பி வந்ததும் கரைந்தது. 2014-இல் கிரீமியாவோடு முடிந்தே போனது. ஒப்பந்தம் மட்டும் அத்தனைக்குப் பிறகும் ஓடியது. டிரம்பின் முதல் ஆட்சியையும் தாண்டி நின்றது. காலாவதியாக இரண்டு நாள் இருக்கும்போது, 2021 பிப்ரவரி 3-ஆம் தேதி, பைடன் அதை ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தார். பதவியேற்று இரண்டு வாரத்தில் நடந்த காரியம்.

இந்த வழிக்கு எதிராகச் சொல்ல வலுவான வாதம் ஒன்று உண்டு. முன்னவர் விட்டுப்போனது எல்லாம் நல்ல வேலையா? பன்றிகள் விரிகுடாவே ஐசனோவர் காலத்தில் தயாரான திட்டம்தானே? அதைக் கையில் எடுத்துத்தானே கென்னடி விழுந்தார்? உண்மை. அதனால்தான் ஆரம்பத்திலேயே 'எதிர்த்தரப்போடு பேசி' என்று சேர்த்துச் சொன்னேன். கென்னடி மேசையில் இரண்டு பாதி வேலைகள் கிடந்தன. ஜெனீவாவில் மாஸ்கோவோடு சேர்ந்து செய்துவந்தது ஒன்று. கியூபாவில் மாஸ்கோவின் நண்பருக்கு எதிராகத் திட்டமிட்டது இன்னொன்று. முதல் வகையில் இரு தரப்பின் வியர்வையும் இருக்கும். எங்கே இழுபறி, யார் எவ்வளவு இறங்கி வருவார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். இரண்டாவது வகையை இன்னும் வேகமாகச் சந்தேகப்பட வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் ஆபத்து.

இன்னொரு எல்லையையும் மறைக்கக் கூடாது. பைடன் ஒப்பந்தத்தை நீட்டித்தார், ஜூன் 16-ஆம் தேதி ஜெனீவாவில் புதினைச் சந்தித்தார், அணு ஆயுதப் பேச்சையும் தொடங்கினார். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி உக்ரைன் மீது படையெடுப்பு நடந்தது. முடிவெடுத்துவிட்ட எதிராளியை எந்த முதலாண்டு அணுகுமுறையும் தடுக்காது. அதற்குத் துணை நாடுகளும் ஆயுதமும் பொருளாதார பலமும் வேண்டும். நான் சொல்வது அவற்றுக்கு மாற்று கிடையாது. ரீகன் ஆயுதத்துக்குச் செலவழித்த அதே வாரத்தில் தூதரை வீட்டுக்கு அழைத்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

ஆகவே புதிதாக வருபவருக்கு என் யோசனை இப்படி அமையும். முதல் மாதத்தில் சந்திப்பு வேண்டாம். அந்த நாட்டை அறிந்த, அதிபரின் காதில் நேராகப் பேசக்கூடிய ஒரு தூதரை அனுப்பட்டும். தாம்சன் போல, சைபீரியா வரைக்கும் போகத் தயங்காத ஆள். அவர் பேசுவது வெளியுறவு அமைச்சருக்கும் தெரிந்திருக்கட்டும். கையில் கொடுத்தனுப்புவது, இரு நாடும் முன்பே கைவைத்து நிறுத்திய ஒரு வேலையாக இருக்கட்டும். அதில் ஏதாவது நடந்தால் மேடையில் சொல்லிக்கொள்ளாமல் இருக்கும் பொறுமை வேண்டும். கையெழுத்துப் போட ஏதாவது கிடைத்த பிறகு சந்திக்கட்டும்.

எந்த வேலை என்று கேட்டால் மேசையிலேயே இருக்கிறது. நியூ ஸ்டார்ட்டின் காலம் 2026 பிப்ரவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு வெகு முன்பே, 2020 மார்ச்சில், கொரோனாவால் நேரடி ஆய்வுகள் நின்றன. அதுவரை அமெரிக்க அதிகாரிகள் ரஷ்ய ஏவுகணைத் தளத்துக்கும் ரஷ்ய அதிகாரிகள் அமெரிக்கத் தளத்துக்கும் போய், ஏவுகணையின் தலையில் எத்தனை குண்டு இருக்கிறது என்று பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு வருவார்கள். நோய்த்தொற்று அடங்கிய பிறகும் அந்தப் பயணங்கள் மறுபடி தொடங்கவே இல்லை. அடுத்து வரும் அதிபர் எழுதும் முதல் கடிதம் இதைப் பற்றி இருக்கலாம்.